ஹெட்ஷாட்: போனா, ஸ்டுடியோவா, வேலை இடத்திலேயா, ஏஐயா?

புது வேலையில் சேர்ந்ததும் ஒரு மெயில் வரும்: "வெப்சைட்டில் போட ஒரு நல்ல போட்டோ அனுப்புங்கள்." கருத்தரங்கில் பேச ஒப்புக்கொண்டால் அதே மெயில் வேறு இடத்திலிருந்து வரும். கைவசம் இருப்பதோ கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டிய முகம், தோளில் யாருடையதோ ஒரு கை. இல்லாவிட்டால் எப்போதோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ். சரி, இந்த முறையாவது ஹெட்ஷாட்டை, அதாவது தொழிலுக்காக முகத்தை மையமாக வைத்து எடுக்கும் படத்தை, ஒழுங்காக எடுத்துவிடலாம் என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போனே போதும் என்கிறார் ஒருவர். ஸ்டுடியோவுக்குப் போகாமல் எடுப்பதெல்லாம் படமா என்கிறார் இன்னொருவர். மூன்றாமவர் பத்து செல்ஃபியைக் கொடுத்து ஏஐயிடம் வாங்கிய கோட்டு சூட்டுப் படத்தைக் காட்டுகிறார்.

எல்லா வழிக்கும் ஏற்ற ஆள் உண்டு. ஆனால் செலவை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டால் முடிவு சரியாக வராது. முதலில் வேறு சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, படம் எங்கே வரப்போகிறது. லிங்க்ட்இன் போன்ற இடங்களில் 400 பிக்சல் அகலமும் 400 பிக்சல் உயரமும் இருந்தாலே போதும். அதுவும் வட்டமாக வெட்டப்படும், பார்ப்பவர் போனில் விரல் நகம் அளவுக்குத்தான் தெரியும். அச்சுக்குப் போனால் கதை வேறு. பத்திரிகைத் தரத்தில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்று கணக்கிட்டால், 8 அங்குலத்துக்கு 10 அங்குலப் படத்துக்கு 2400-க்கு 3000 பிக்சல், அதாவது சுமார் 7 மெகாபிக்சல் தேவை. இன்றைய போன் கேமராக்கள் இந்த எண்ணிக்கையைச் சுலபமாகத் தாண்டிவிடும். இடிப்பது பெரும்பாலும் வெளிச்சமும் தூரமும்தான்.

இரண்டாவது, ஆள் அடையாளம் தெரிகிறதா. நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பது இதைத்தான். முகத்தைப் பார்த்து நம்பலாமா, திறமைசாலியா என்று முடிவுகட்ட மனிதர்களுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும் என்று வில்லிஸ், டோடோரோவ் என்ற இரு உளவியலாளர்களின் 2006 ஆய்வு காட்டியது. கூடுதல் நேரம் கொடுத்தபோது தீர்ப்பு பெரிதாக மாறவில்லை, தீர்ப்பின் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது. அதனால் படம் முக்கியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிலுக்காக எடுக்கும் படத்தைப் பார்ப்பவர் பிறகு நேரிலோ வீடியோ அழைப்பிலோ உங்களைச் சந்திப்பார். அப்போது ஒரு கணம் தயங்கி "நீங்கதானா அது?" என்று கேட்டால், படம் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, அதே மாதிரி மறுபடியும் எடுக்க முடியுமா. தனி ஆளுக்கு இது பெரிய விஷயமில்லை. பத்துப் பேர் படத்தை வரிசையாகப் போடும் நிறுவனத்துக்கு இதுதான் தலைவலி.

அப்புறம் உரிமை, அந்தரங்கம், எத்தனை வருடம் ஓடும் என்பவை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுவது பொதுவான பழக்கம். கண்ணாடி போட ஆரம்பித்தாலோ, தாடி வந்தாலோ போனாலோ, அதற்கு முன்பே மாற்றவேண்டி வரும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்காக:

| வழி | அடையாளம் | வெளிச்சம் நம் கையில் உண்டா | மறைவான செலவு |
|---|---|---|---|
| போன் | நன்றாக வரும், தூரம் சரியாக இருந்தால் | ஜன்னலை நம்பி | எடுப்பவரின் நேரம், மறுபடி மறுபடி எடுப்பது |
| ஸ்டுடியோ | நன்றாக வரும், டச் அப் மிஞ்சாவிட்டால் | முழுவதும் | கூடுதல் படங்கள், உரிமை, ஒப்பனை |
| வேலை இடத்தில் | மிக நன்றாக வரும் | ஓரளவு | இடம் ஒழிப்பது, அனுமதி |
| ஆபீசில் எல்லோருக்கும் ஒரே நாளில் | நன்றாக வரும், ஆனால் நேரம் குறைவு | முழுவதும் | பிறகு சேருபவர்கள் |
| ஏஐ | சொல்ல முடியாது | இல்லை | முகத் தரவு, நம்பகம் |

போனில் எடுப்பது

இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். போன் படம் கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் கையை நீட்டி செல்ஃபியாக எடுப்பது. 12 அங்குலத் தூரத்திலிருந்து எடுத்தால், 5 அடியிலிருந்து எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று முக அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் 2018-இல் வெளியான கணக்கு சொல்கிறது. பழி லென்ஸின் மேல் விழுகிறது, ஆனால் காரணம் தூரம். பக்கத்தில் போனால் மூக்கு முன்னுக்கு வந்து காதுகள் பின்னுக்குப் போய்விடும். எனவே போனை இன்னொருவர் கையில் கொடுத்து, பின்பக்கக் கேமராவில் இரண்டு மடங்கு ஜூம் வைத்து, ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள். போன் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும்.

வெளிச்சத்துக்கு ஒரு பெரிய ஜன்னல் போதும், நேர் வெயில் விழாத நேரமாகப் பார்த்து. ஜன்னலைப் பார்த்து நின்று, முகத்தைக் கொஞ்சம் ஒரு பக்கம் திருப்பினால் மூக்கின் மறுபக்கம் மெல்லிய நிழல் விழும். முகத்துக்கு வடிவம் கொடுப்பது அதுதான். அறையின் விளக்கை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் நீலம் கலந்தது, விளக்கு மஞ்சள் கலந்தது, இரண்டும் சேர்ந்தால் முகத்தின் பாதி ஒரு நிறத்திலும் மீதி வேறு நிறத்திலும் வரும். வெளியே எடுப்பதானால் உச்சி வெயில் வேண்டாம், கண்குழிகள் இருண்டுவிடும். மரத்தடியில் இலையின் பச்சை முகத்தில் அடிக்கும். கட்டிட நிழல் நல்ல இடம்.

கருத்த நிறத்தவர் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றால் முகம் இருட்டாக வருவது பலருக்கும் நடப்பது. காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்ப்பது கேமராவின் வழக்கம். சுவர் பளீரென்று இருந்தால் மொத்தப் படத்தையும் அது இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும். அல்லது சுவரைவிட்டு வேறு பின்னணிக்குப் போங்கள். "அழகாக்கும்" ஃபில்டரை மறக்காமல் அணையுங்கள், சில போன்களில் அது தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி மங்கலாவது ஒரு கணக்கீடுதான். கண்ணாடிச் சட்டம், காதணி, சுருள் முடி ஆகிய ஓரங்களில் அந்தக் கணக்கு தவறும், பெரிதாக்கிப் பார்த்த பிறகே அனுப்புங்கள்.

மறைவான செலவு என்னவென்றால், காலர் மடிந்திருப்பதையும் நெற்றியில் ஒரு முடி விழுந்திருப்பதையும் கவனித்துச் சொல்ல ஆள் இல்லை. எடுத்து முடித்து வீட்டில் பெரிய திரையில் பார்த்தபிறகுதான் தெரியும். பொறுமையுள்ள நண்பர் இருந்தால் சமாளிக்கலாம்.

நாளைக்குள் படம் வேண்டுமென்றாலோ, இப்போதுதான் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள் என்றாலோ, படம் நிறுவனத்துக்கு உள்ளேயே ஓடப்போகிறது என்றாலோ இதுவே போதும்.

ஸ்டுடியோ

ஸ்டுடியோவில் நீங்கள் பணம் கொடுப்பது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, மேகம் மறைத்தாலும் மழை பெய்தாலும் மாறாத வெளிச்சம். இரண்டு, உங்களைப் பார்த்து "தாடையைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, இறக்குங்க" என்று சொல்லத் தெரிந்த ஆள். இரண்டாவதுதான் அரிது. தாடையை முன்னால் நீட்டுவது செய்யும்போது ஆமைபோல அசட்டுத்தனமாக இருக்கும், படத்தில் கழுத்தும் தாடையும் தெளிவாகப் பிரிந்து தெரியும். கீழ் இமையைச் சற்று இறுக்கினால் பயந்த பார்வை போய் உறுதி வரும். கண்ணாடி போட்டவர்களுக்கு விளக்கை உயர்த்தி, கண்ணாடியின் காதுப் பிடியைக் கொஞ்சம் தூக்கிவைத்துப் பளபளப்பைப் போக்குவார்கள். இதையெல்லாம் தானாகச் செய்கிற போட்டோகிராபரா என்பதை அவர் எடுத்த படங்களைப் பார்த்தாலே ஊகிக்கலாம்: பத்து முகமும் ஒரே மாதிரி விறைப்பாகச் சிரித்தால், உங்கள் முகமும் அப்படித்தான் வரும்.

அந்தப் படங்களில் உங்கள் நிறத்தில் இருப்பவர்கள் எப்படி வந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். இது சும்மா சொல்வதில்லை. பல பத்தாண்டுகள் கோடாக் நிறுவனம் பிரிண்ட் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் இருந்தது வெள்ளைத்தோல் பெண்ணின் படம். கலர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுவே அளவுகோல். கருத்த தோல் எப்படி வரும் என்று யாரும் கவலைப்படவில்லை. கருவிகள் இன்று மாறிவிட்டன, 2021-இல் கூகுள் தன் போன் கேமராவில் ரியல் டோன் என்று இதற்கென்றே ஒரு வசதி கொண்டுவந்தது. ஆனால் விளக்கை வைப்பவரின் கண் மாறியிருக்கிறதா என்பது ஆளுக்கு ஆள் வேறு.

டச் அப்பில்தான் அதிகம் கெட்டுப்போகிறது. போட்டோகிராபர்கள் பலர் வைத்திருக்கும் கணக்கு எளிது: இரண்டு வாரத்தில் தானாகப் போகக்கூடியதை எடுக்கலாம், நிரந்தரமாக இருப்பதைத் தொடக்கூடாது. பரு போகலாம். மச்சம், தழும்பு, சிரிக்கும்போது விழும் கோடு இருக்கட்டும். கேட்காமலே நிறத்தை வெளுப்பாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. "நிறத்தைத் தொடாதீர்கள்" என்று எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது, எடுத்தபிறகு சொன்னால் வாக்குவாதமாகும்.

இனி மறைவான செலவுகள். சொன்ன தொகைக்கு எத்தனை படம் டச் அப் செய்து தருவார்கள்? பெரும்பாலும் ஒன்று, இரண்டு. மூன்றாவது பிடித்திருந்தால் தனிக் கணக்கு. ஒப்பனை, தலைமுடி தனி. தேதி மாற்றினால் முன்பணம் போகலாம். உரிமைதான் பலரும் கேட்காமல் விடுவது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுத்தில் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நீங்கள் பணம் கொடுத்து எடுத்த படத்துக்கும் பொதுவாகப் பதிப்புரிமை போட்டோகிராபருக்கே. இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவில் நேர் எதிராக, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளர் என்கிறது, அதுவும் மாற்று ஒப்பந்தம் இல்லாதவரைதான். ஆகவே எந்த நாட்டில் இருந்தாலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: வெப்சைட், அச்சு, விளம்பரம் மூன்றிலும் கால வரம்பில்லாமல் பயன்படுத்தலாம், பத்திரிகைக்கும் கொடுக்கலாம் என்று. அவருடைய விளம்பரத்தில் உங்கள் படத்தை அவர் போடலாமா என்பதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடையில் நுணுக்கமான கோடு, சிறு கட்டம் வேண்டாம், டிஜிட்டல் படத்தில் அலையலையாக ஒரு நெளிவு தெரியும். ஒற்றை நிறம் பாதுகாப்பு.

வக்கீல், ஆலோசகர், நிறுவனத் தலைமை என்று முகமே முதலில் போய் நிற்கும் தொழிலில் இருப்பவர்களும், புத்தக அட்டை, பத்திரிகைப் பேட்டி, மேடைப் பதாகை என்று படம் பெரிதாகப் போகப்போகிறவர்களும் தயங்காமல் ஸ்டுடியோவுக்குப் போகலாம்.

உங்கள் வேலை இடத்துக்குப் போட்டோகிராபர் வருவது

இங்கே எடுப்பதை ஹெட்ஷாட் என்பதைவிட போர்ட்ரெய்ட் என்பது சரி. முகத்தோடு இடமும் பேசும். கட்டிட வடிவமைப்பாளர், தச்சர், ஆய்வகத்தில் இருப்பவர், ஆசிரியர் ஆகியோருக்கு சாம்பல் நிறத் திரை எதையும் சொல்லாது. அவர்கள் புழங்கும் மேசையும் கருவியும் நிறையச் சொல்லும். பழகிய இடம் என்பதால் முகமும் இறுக்கம் தளர்ந்து வரும்.

சிரமங்கள் வேறு மாதிரி. விளக்கு வைத்துச் சரிபார்க்கவே கணிசமான நேரம் போகும், அதுவரை அந்த அறையில் வேலை நடக்காது. வாடகைக் கட்டிடமென்றால் முன் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். பின்னணியில் வெள்ளைப் பலகையில் எழுதிய வாடிக்கையாளர் பெயர், திறந்திருக்கும் கணினித் திரை, தெரியாமல் படத்தில் விழுந்த சக ஊழியர் என்று எல்லாவற்றையும் எடுப்பதற்கு முன் ஒருவர் கண்கொண்டு பார்க்க வேண்டும். நோயாளி விவரமோ வழக்கு விவரமோ புழங்கும் இடமாக இருந்தால் அது வெறும் அசிங்கத்தோடு நிற்காது, சட்டச் சிக்கலாகும்.

இந்தப் படங்களைச் சின்ன வட்டத்துக்குள் அடைத்தால் ஒன்றும் தெரியாது. வந்த கையோடு முகம் மட்டும் உள்ள நெருக்கமான படம் நாலைந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக்கவாட்டில் வெற்றிடம் விட்டு அகலமாக ஒன்று கேளுங்கள், வெப்சைட் தலைப்பில் எழுத்து போட அதுதான் உதவும்.

ஆபீசில் எல்லோருக்கும் ஒரே நாளில்

ஒரு அறையில் விளக்கும் திரையும் வைத்து, ஆளுக்கு ஐந்து பத்து நிமிடம். தலைக்குக் கணக்குப் பார்த்தால் செலவு குறைவு, எல்லோர் படமும் ஒரே பாணியில் இருக்கும். கருத்தரங்குகளில் இலவசமாக எடுத்துத் தருவதும் ஏறக்குறைய இதுதான். அங்கே மட்டும் படத்துக்குப் பதில் உங்கள் மெயில் முகவரி போகும்.

பிரச்சினை அடுத்த மாதம் சேரும் புதியவரிடம் தொடங்கும். அவர் படம் மட்டும் வேறு பின்னணியில், வேறு வெளிச்சத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னணியின் நிறம், கேமராவுக்கும் ஆளுக்கும் இடையே தூரம், லென்ஸ், விளக்கு எந்தப் பக்கம், தலைக்கு மேல் எவ்வளவு இடம் விட்டு வெட்டியது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல நிறுவனங்கள் இதைக் கேட்பதில்லை, அடுத்த வருடம் எல்லோருக்கும் முதலிலிருந்து எடுக்கின்றன.

கேமராவைக் கண்டாலே உறைந்துபோகிறவர்களுக்கு ஐந்து நிமிடம் போதாது. அவர்களைக் கடைசியில் வைத்து, வரிசையில் யாரும் காத்திருக்காத நேரத்தில் எடுப்பது ஒரு நல்ல ஏற்பாடு.

ஏஐ படம்

பத்து இருபது செல்ஃபி கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் டஜன் கணக்கில் படம் வரும். போடாத கோட்டு, போகாத ஆபீஸ், நமக்கு இல்லாத தோள். ஆசை வருவது இயல்புதான். ஸ்டுடியோவுக்குப் போக முடியாத நிலையில், உடல்நிலை காரணமாகவோ ஊர் காரணமாகவோ, இருப்பவருக்கு இது உதவும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஆனால் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைத்த அளவுகோலில், ஆள் அடையாளத்தில், இது தடுமாறுகிறது. கருவி உங்களைப் புகைப்படம் எடுக்கவில்லை, உங்களைப் போன்ற ஒருவரை வரைகிறது. அந்த ஒருவர் அது கற்ற படங்களின் பக்கம் சாய்வார். 2023-இல் ஆசிய அமெரிக்க மாணவி ஒருவர் தன் படத்தைத் தொழில்முறைப் படமாக மாற்றித் தரச் சொன்னபோது, நீலக் கண்ணும் வெளுத்த தோலுமாக ஒரு பெண்ணைத் திருப்பித் தந்தது அப்படியொரு கருவி. பெரிய செய்தியானது. பின்னால் வந்தவை மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் பல் வரிசை, காது மடல், மச்சம் இருக்கும் பக்கம், மூக்கின் அகலம் ஆகியவை கொஞ்சம் கொஞ்சம் மாறும். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, நேரில் பார்ப்பவருக்கு "ஏதோ இடிக்கிறதே" என்று தோன்றும்.

இங்கே மறைவான செலவு உங்கள் முகம்தான். கொடுத்த செல்ஃபிகளை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், வேறு ஏஐ கருவிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்துவார்களா, கேட்டால் அழிப்பார்களா என்று விதிமுறைகளைப் படித்துப் பாருங்கள். தெளிவாக எழுதியிருக்காவிட்டால் விட்டுவிடுங்கள். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம், முகத்தை மாற்ற முடியாது. பதிப்புரிமையும் கேள்விக்குரியது: மனிதர் படைக்காத படத்துக்குப் பதிப்புரிமை தர முடியாது என்பது அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் நிலை.

அப்புறம் தொழில். மருத்துவர், வக்கீல், பத்திரிகையாளர், நிதி ஆலோசகர் போன்றவர்களிடம் மக்கள் வாங்குவதே நம்பிக்கையை. படம் செய்யப்பட்டது என்று தெரிந்தால் மற்றதையும் சந்தேகிப்பார்கள். நிஜப் படத்தில் பின்னணியை மட்டும் ஏஐயால் சுத்தம் செய்வது வேறு விஷயம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கடைசியில் எந்தப் படத்தை எடுப்பது

எந்த வழியில் போனாலும் இறுதியில் முப்பது படங்கள் முன்னால் இருக்கும், அதில் ஒன்றை எடுக்க வேண்டும். இங்கே நம்மை நாமே நம்பக்கூடாது. கண்ணாடியில் நாம் தினமும் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். 1977-இல் நடந்த ஒரு ஆய்வில், தங்கள் படத்தையும் அதன் கண்ணாடிப் பிம்பத்தையும் காட்டியபோது ஆட்களுக்குப் பிடித்தது பிம்பம், அவர்களின் நண்பர்களுக்குப் பிடித்தது நிஜப் படம். "போட்டோவில் நான் நல்லா வரமாட்டேன்" என்பதில் பாதி இதுதான். 2017-இல் வந்த இன்னொரு ஆய்வில் ப்ரொஃபைல் படத்தை ஆட்களையே தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள், பிறகு முன்பின் தெரியாதவர்களைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பார்ப்பவர்களிடம் கூடுதல் நல்ல எண்ணம் உண்டாக்கியவை அந்நியர்கள் தேர்ந்தெடுத்த படங்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஐந்தாகக் குறைப்பது மட்டும். தொழில் வழியாக உங்களைத் தெரிந்த மூன்று பேருக்கு, குடும்பத்துக்கு வெளியே, அந்த ஐந்தையும் அனுப்புங்கள். "எது அழகு" என்று கேட்காதீர்கள், "எது என்னைப் போலவே இருக்கிறது" என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒன்றைச் சொன்னால் அதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும்.

போட்டோகிராபரிடமிருந்து படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வாங்கினால் சுருங்கிவிடும். டாக்குமென்டாகவோ லிங்க்காகவோ அனுப்பச் சொல்லுங்கள். அச்சுக்குப் பெரிய ஃபைல் ஒன்று, இணையத்துக்குச் சிறியது ஒன்று, பின்னணி நீக்கியது ஒன்று என மூன்றாக வாங்கி, பெயரும் தேதியும் போட்டுச் சேமித்து வையுங்கள்.